காணாமல் போன இரும்புப் பல்

என் வீட்டுக் கேழ்வரகு மாவு பறிமுதலான கதையை இந்த வாரம் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆடி மாதம், சனிக்கிழமை காலை. என்னவர் இரண்டு கேழ்வரகு அடைகளைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, பட்டணம் போகிற வண்டியைப் பிடிக்க ஓடியிருந்தார். எனக்கான அடையைத் தட்டிக் கல்லில் போட்டேன். வாசலில் ஒரு குரல்.

"டீச்சரம்மா! நேத்து அரச்ச மாவ துன்னாதீங்க! டீச்சரம்மா!"

எட்டிப் பார்த்தால் காசிம் பாய். பொன்னேரியில் எங்கள் தெருக் கோடியில் மாவு மில் வைத்திருப்பவர். சொந்த ஊர் பழவேற்காடு. அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கே வியாபாரம். இவர் மட்டும் இங்கே கரண்ட் வந்த மறு வருஷமே ஒரு மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எப்போதும் புருவம் வரைக்கும் மாவு படிந்திருக்கும் மனிதர். அன்றைக்கு முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சு பாய்?" — எனக்கும் இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

"மெஷினு தட்டுல ஒரு பல்லு ஒடஞ்சிகீது டீச்சரம்மா. ஒடஞ்ச துண்டக் காணோம். நேத்து எவங்க மாவுலயோ கலந்து பூட்ச்சி."

மில்லுக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, இல்லையா? தானியத்தைக் கொட்டுகிறோம், மாவை அள்ளுகிறோம், வந்துவிடுகிறோம். உள்ளே வட்டமாக இரண்டு இரும்புத் தட்டுகள் இருக்கின்றன. இரண்டிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். நடுவில் விழுகிற தானியம் மாவாகும். அந்தப் பற்களில் ஒன்றுதான் காணவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தட்டைத் திறந்து பார்த்தபோது முழுசாக இருந்ததாம். சனிக்கிழமை காலையில் சுத்தம் செய்யத் திறந்தால் ஓரத்தில் ஒரு பொக்கை. நடுவில் போன வெள்ளிக்கிழமை எப்படிப்பட்ட வெள்ளிக்கிழமை? ஒரு நாள் விட்டு ஞாயிறு, எங்கள் பக்கத்து அம்மன் கோவிலில் கூழ் வார்க்கிற நாள். ஊரே கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு அவர் மில் வாசலில் நின்ற வெள்ளிக்கிழமை.

கையிலிருந்த சோப்புத் துண்டை நீட்டினார். ஈரச் சோப்பை அந்தப் பொக்கையில் அழுத்தி அச்சு எடுத்திருக்கிறார். சோப்பின் மேல் ஒரு சின்ன மேடு. சுண்டு விரல் நகத்தில் பாதி இருக்கும்.

"இவ்ளோதான். ஆனா உள்ள சுத்தறப்போ இதுவும் நாலா அஞ்சா நொறுங்கி இருக்கும். ஒரு பொடி தொண்டயில குத்திச்சின்னா? இஸ்கோல்ல காந்தம் வெச்சிகினு கீறீங்களாமே, எம் பொண்ணு சொல்லிச்சி. அத்தக் கொஞ்சம் குடுங்க."

பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். லாடம் மாதிரி வளைந்த காந்தம் ஒன்று பீரோவில் இருக்கிறது. ஆணியையும் குண்டூசியையும் தவிர வேறு எதையும் அது இதுவரை சந்தித்ததில்லை. சாவி என்னிடம்தான். எடுத்து வந்தேன்.

அடுப்பில் இருந்த அடை கருகிப் போயிருந்தது. இரண்டு அடை வயிற்றிலும் ஒன்று பொட்டலத்திலுமாகப் பட்டணம் போய்க்கொண்டிருக்கிற என்னவரை நினைத்துக்கொண்டேன். ஆபீஸில் போன் இருக்கிறது. அங்கே பேச எங்கள் தெருவில் போன் இருக்கிறதா? சாமியை வேண்டிக்கொண்டேன்.

என் மாவை முறத்தில் பரப்பி, காந்தத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றி, மேலாக இழுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. இரண்டு தரம் பார்த்தோம். ஒன்றுமே இல்லை.

"அப்போ இது நல்ல மாவு பாய்" என்றேன்.

"உங்க காந்தத்துக்குத் தெரியாம ஒரு பொட்டு இருந்திச்சின்னா?" என்று முறத்தை அப்படியே தன் சாக்கில் கவிழ்த்துக்கொண்டார். "எங்கிட்ட கேவுரு கீது. அளந்து குடுத்துடறேன். துண்டு எங்க போச்சின்னு தெரியணும், அதுக்குத்தான் காந்தம். மாவு எப்டி இருந்தாலும் வேணாம்."

கொஞ்சம் கோபம்கூட வந்தது எனக்கு. அவ்வளவு நைசாக அரைத்த மாவு!

சரி, யார் யார் அரைத்தார்கள்? அவரிடம் பெயர் விவரம் எதுவும் கிடையாது. பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது. ஆனால் டப்பாக்கள் தெரியும்! வரிசையில் எந்த டப்பாவுக்குப் பின்னால் எந்த டப்பா வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறார்.

"மூடி இல்லாம தட்டு வெச்சி மூடின பிஸ்கட் டப்பா."

"அது தபால்காரர் வீடு."

"பச்ச டிரங்குப் பொட்டி. மாவு அரைக்க டிரங்குப் பொட்டில யார் கொண்டாருவாங்க டீச்சரம்மா?"

"என் ஆறாம் வகுப்பு ராஜம்மா வீட்டில். அவங்க எதையும் டிரங்குப் பெட்டியில்தான் கொண்டு போவாங்க."

அவருக்கு டப்பா தெரியும், எனக்கு வீடு தெரியும். இப்படியாகத்தான் நான் அந்தப் பவனியில் சேர்ந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அவர் வாசலோடு நின்றுவிடுவார். அடுப்படி வரைக்கும் போய் மாவை எடுத்து வர ஒரு பெண்பிள்ளை வேண்டுமே.

முதலில் அவர் போகச் சொன்னது கோவிலுக்கு.

அங்கே கன்னியம்மாக்கா இருந்தார். பழவேற்காட்டு ஏரி மீனைக் கூடையில் கொண்டு வந்து பொன்னேரித் தெருக்களில் விற்கிறவர். வருஷா வருஷம் கூழ் காய்ச்சுகிற பொறுப்பு அவருடையது. அவர் குரல் ஒரு தெருவில் கேட்டால் அடுத்த தெருவில் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். கோவிலுக்கு அரைத்த மாவை முதல் நாளே இரண்டு பெரிய அண்டாவில் கரைத்துப் புளிக்க வைத்திருந்தார்.

காசிம் பாய் தெருவிலேயே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இன்னா நைனா வெளயாடறியா?" — கன்னியம்மாக்கா இடுப்பில் கை வைத்தார். "அம்மனுக்குக் கரச்சி வெச்சத கொட்டச் சொல்றியா நீ?"

"கொட்டிடுக்கா."

"ஒரே ஒரு துண்டு. அது எங்க ஊட்டு மாவுலதான் கீதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. இல்லன்னும் யாரும் சொல்லலியே."

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி மாட்டுக்குக் கலக்கி வைத்துவிடலாம் என்றாள். "மாட்டுக்கு மட்டும் தொண்ட இல்லியாம்மா?" என்றார் பாய். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், யார் வீட்டு அம்மனுக்கு யார் அரைப்பது என்கிற ரீதியில், சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தது. கன்னியம்மாக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். குரல் நின்றுபோயிற்று. காசிம் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோவில் மாவுக்கு அவர் இத்தனை வருஷமாக அரைவைக் கூலியே வாங்கியதில்லை என்பது அங்கே நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

கன்னியம்மாக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே அண்டாக்களை ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்துச் சாய்த்தார். கோவில் பின்புறக் குழியில் ஒரு வருஷத்துக் கூழ் ஓடியது. கடைசிக் கலங்கலில் காந்தத்தை விட்டுத் துழாவினேன். ஒன்றும் ஒட்டவில்லை. அதைப் பாயிடம் சொல்லத் தைரியம் வரவில்லை எனக்கு.

"யார் யார் ஊட்ல எந்திரம் கீது? எடுத்தாங்கடி!" — கன்னியம்மாக்காவின் குரல் எழும்பியது. கட்டிலுக்கடியிலும் மாட்டுக்கொட்டகையிலும் தூங்கிக்கொண்டிருந்த, கையால் சுற்றுகிற கல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாய் தன்னிடமிருந்த கேழ்வரகு மூட்டையைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்குள் எல்லா வீடும் பார்த்தாயிற்று. சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் திட்டிவிட்டுக் கொடுத்தார்கள். தபால்காரர் வீட்டம்மாள் மட்டும், பார்சலையே திரும்ப வாங்கிக்கொள்ளாத ஊரில் மாவைத் திரும்ப வாங்குகிறீர்களே என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். காந்தத்தில் எங்கேயும் எதுவும் ஒட்டவில்லை.

ஒரே ஒரு டப்பாதான் பாக்கி. டப்பாகூட இல்லை, அலுமினியத் தூக்கு. கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. எனக்கு அப்படி ஒரு வீடு நினைவுக்கு வரவில்லை.

"கொஞ்சூண்டு கேவுரு" என்று பாய் யோசித்தார். "நல்லா வாசன வந்திச்சி..." சட்டென்று நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. "மொள கட்டிக் காய வெச்ச கேவுரு டீச்சரம்மா. அது கொழந்தைக்கு."

முளை கட்டி, காய வைத்து, வறுத்து அரைத்த கேழ்வரகு. பல் முளைக்காத குழந்தைக்குக் காய்ச்சுகிற கஞ்சி.

"இடுப்புல கைக்கொழந்த. சீக்கிரம் அரச்சிக் குடு நைனா, வண்டி பூடும், எளாவூர்ல எறங்கணும்னு சொல்லிச்சி. நாந்தான் மத்தவங்கள நிறுத்திட்டு அதுக்கு மொதல்ல போட்டுக் குடுத்தேன்." தலையில் கை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். உதவி என்று செய்ததுதான் அவரை அதிகம் குத்தியது.

ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கிருந்து எளாவூருக்குத் தகவல் சொல்ல முடியுமா என்று கேட்டோம். நல்ல மனிதர்தான் அந்த ஸ்டேஷன் மாஸ்டர். "சொல்றேன், யாருக்குன்னு சொல்லட்டும்?" என்றார். பெயர்? தெரியாது. வீடு? தெரியாது. சிவப்புத் துணி சுற்றிய தூக்கு என்று தந்தி கொடுக்க முடியுமா? கூடூர்ப் பக்கம் போகிற பாசஞ்சர் வரவும் அதிலேயே ஏறிவிட்டோம்.

மூன்றாவது ஸ்டேஷன் எளாவூர். ஆனால் அன்றைக்கு அது காசி ராமேஸ்வரம் தூரம். பாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கரித்தூள் வந்து கண்ணில் விழுந்தபோதுகூட ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு எளாவூர் எல்லை ஊராகிவிட்டது. எந்நேரமும் லாரிச் சத்தம். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் விசாரித்தோம். நேற்றுப் பொன்னேரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பெண்? "கேட்டுக்காரரு சம்சாரம் சரோஜா. ஆடிக்கு அம்மா ஊடு போய்ட்டு நேத்துதான் வந்திச்சி" என்று ரயில்வே கேட்டைக் கைகாட்டினார் கடைக்காரர்.

குடிசை வாசலிலேயே தூக்கு தொங்கியது. சிவப்புத் துணி.

சரோஜாவுக்கு இருபது வயசுகூட இருக்காது. குழந்தை கோரைப் பாயில் மல்லாந்து படுத்துத் தன் கால் கட்டைவிரலைச் சுவைத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"கஞ்சி குடுத்தியாம்மா?" என்றார் பாய்.

"காலீல ஒரு தபா குடுத்தேன். ஏன் நைனா?"

நான்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கஞ்சியை எப்படிக் காய்ச்சினாள் என்று கேட்டேன். மாவைக் கரைத்து மல்துணியில் இரண்டு தரம் வடிகட்டி, அந்தப் பாலைத்தான் காய்ச்சினாளாம். எனக்கு மூச்சு வந்தது. மீதி மாவை முறத்தில் கொட்டிக் காந்தத்தை இழுத்தேன்.

டிக்.

சின்னச் சத்தம்தான். மூன்று பேருக்கும் கேட்டது. கறுப்பாய் ஒரு துண்டு. மறுபடி இழுத்தேன். இன்னொன்று. அப்புறம் ஒன்று, ஊசி முனையோடு. பாய் சோப்பை எடுத்து அதன் மேட்டுக்குப் பக்கத்தில் மூன்றையும் சேர்த்து வைத்தார். ஏறக்குறைய அதே நீளம். ஒரு மூலை மட்டும் கடுகளவு குறைந்தது.

அந்தக் கடுகு எங்கே? துணியில் தங்கிக் கழுவிவிட்ட தண்ணீரோடு போயிருக்கலாம். இல்லையென்றால்...

"இன்னா நைனா மெஷினு வெச்சிகினு கீற நீ?" சரோஜா வெடித்தாள். "பாத்து ஓட்டமாட்டியா? பெத்த வயிறு இன்னா பாடு படுதுன்னு தெரியுமா உனக்கு?" கத்தினாள், அழுதாள், மறுபடி கத்தினாள். பாய் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். அவள் ஓய்ந்த பிறகு, "வாம்மா, கும்மிடிப்பூண்டில டாக்டர் கீறாரு. கொழந்தயக் காட்டலாம்" என்றார்.

வந்த வழியில் ஒரு ஸ்டேஷன் திரும்பினால் கும்மிடிப்பூண்டி. கிடைத்த வண்டியில் போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குழந்தை அவர் கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அது இழுத்த இழுப்பைப் பார்த்து அவரே சிரித்தார். "நல்லாத்தான் இருக்கான். ரெண்டு நாள் பாருங்க. வாந்தி எடுத்தாலோ ரத்தம் தெரிஞ்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

ரெண்டு நாள் பார்க்கச் சொன்னது தாயை. ஆனால் காசிம் பாயும் அதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்கே எளாவூர் போய்விட்டார். கேட்டுப் பக்கத்தில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, சரோஜா வெளியே வரும்போதெல்லாம் "இன்னாம்மா, எப்டி கீறான்?" என்று கேட்பாராம். மூன்றாவது தடவை கேட்டதற்கு அவள் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டு வந்து வைத்து, "இத்தத் துன்னுட்டு சும்மா குந்து நைனா. எம் புள்ள உன்னவிட நல்லா கீறான்" என்றாளாம். திங்கட்கிழமையும் போனார். அன்று சாயங்காலம் கேட்டுக்காரரே, "பயப்படாதீங்க பாய், எல்லாம் வெளிய வந்துடுச்சி, இவன் எப்பவும்போல ஊரயே நாற அடிக்கிறான்" என்று சொல்லி வண்டி ஏற்றி அனுப்பினாராம்.

என்னவர்? சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து எனக்கு முன்னாலேயே கல்லுக்குண்டு மாதிரி வந்து சேர்ந்திருந்தார். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும், "அதான் அடை இன்னிக்குக் கொஞ்சம் கடினமா இருந்ததா?" என்றார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்தார்கள். கையால் அரைத்த மாவு, சரியாகப் புளிக்கவும் இல்லை. திப்பி திப்பியாக இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. சொல்ல கன்னியம்மாக்கா விடவில்லை என்பதுதான் சரி. காசிம் பாய் எங்கே என்று கேட்டார். எளாவூர் என்றேன். ஒரு சொம்பில் கூழை ஊற்றி, மேலே இரண்டு வெங்காயத்தைப் போட்டு, பாய் வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு அழகான கதை! இனிமேல்தான் நான் சொன்ன கூச்சம்.

பாய் பட்டணம் போய்ப் புதுத் தட்டு இரண்டு வாங்கி வந்து மாட்டினார். வியாழக்கிழமை மில் திறந்தது. தெருக் கோடியிலிருந்து மெஷின் சத்தம் கேட்டது. வெறும் மெஷின் ஓடினால் ஒரு சத்தம், தானியம் விழுந்தால் ஒரு சத்தம். அன்று காலை முழுவதும் வெறும் சத்தம்தான்.

எனக்கு அரிசி அரைக்க வேண்டியிருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போனேன் என்கிறீர்கள்? ஸ்டேஷன் பக்கம் இருக்கிற இன்னொரு மில்லுக்கு. ஆமாம், நான்தான். அந்த மனிதரோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள். அந்த மூன்று துண்டையும் காந்தத்தில் எடுத்த இதே கை. ஸ்டேஷன் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. அந்த 'டிக்' சத்தம் காதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

அங்கே போனால் தெருவே நிற்கிறது! பிஸ்கட் டப்பா நிற்கிறது. பச்சை டிரங்குப் பெட்டி நிற்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நின்றோம்.

அப்போது கன்னியம்மாக்கா அந்த வழியாக வந்தார். தலையில் மீன் கூடை இல்லை. பெரிய அரிசிக் கூடை. எங்களைத் தாண்டி நேரே நடந்தார்.

"இன்னாக்கா, இங்க அரைக்கலியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாய் மில்லுக்குப் போறேன்."

"பயமா இல்லியா உனக்கு?"

கன்னியம்மாக்கா நின்றார். வரிசையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பார்வை பார்த்தார். என் மேல் அந்தப் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றதோ?

"ஏண்டி, இந்த மெஷினுல இன்னா கட்டயா சுத்துது? இங்கியும் இரும்புதான். ஒடஞ்சா ஊடு ஊடா வந்து சொல்றவன் அங்க கீறான். இங்க ஒடஞ்சா சொல்லுவாங்களா? போய்க் கேளு."

கூடையைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

மில்காரர் உள்ளேயிருந்து "அடுத்தது யாரு?" என்று குரல் கொடுத்தார். அடுத்தது நான்தான். டப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, கன்னியம்மாக்கா போன வழியில் நடந்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் மட்டும் சந்தோஷமாக ஓர் இடம் முன்னேறினார்!